வெறுங்காலுக்கு ஒரு பட்டம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் எங்கள் தோல் சீமையில் மனிதக் காலைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. அணைக்கட்டிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பொழுது சரியாக விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுகிற பெண்களுக்கு ஜெர்மன்காரன் காலின் நீளமும் இத்தாலிக்காரி காலின் அகலமும் அத்துப்படி. அவர்கள் காலில் கிடப்பது ரப்பர் செருப்பு என்பது வேறு விஷயம். நானும் அப்படியொரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அடுத்தவர் காலை நம்பியே அடுப்பு எரித்தவன். அப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்த பெண், இருக்கிற அத்தனை படிப்புகளையும் விட்டுவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டால்தான் பாடமே தொடங்கும் என்கிற ஒரு படிப்பைத் தேடிப் பிடித்தாள். பரதநாட்டியத்தில் பி.எஃப்.ஏ. பட்டம்.

எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு விதித்த வழிகள் கொஞ்சம்தான். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் நர்சிங். பெரிய பல்கலைக்கழகம் இருப்பதால் கம்ப்யூட்டர். இரண்டும் வாய்க்காவிட்டால் பி.காம். விவரம் தெரிந்த தோல் குடும்பங்கள் மட்டும் பிள்ளையை அடையாறு பக்கம் தள்ளப் பார்க்கும். அங்கே 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆகவே மகள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து “அடையாறு” என்று வாயெடுத்ததும் எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நான்காவது இட்லியை நானே அவள் தட்டில் வைத்தேன். அவள் சொல்ல வந்ததோ 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்திராவின் கதை. அது இப்போது திருவான்மியூரில் இருக்கிறதாம். 1993-இல் அதற்காக நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டார்களாம். “இல்லாங்காட்டி திருச்சியில கலைக்காவிரி இருக்குதுப்பா, 1977-லேர்ந்து. அரசு இசைக் கல்லூரிங்க இருக்குது. அதுக்குன்னு 2013-ல யூனிவர்சிட்டியே ஆரம்பிச்சிட்டாங்க.” ‘இதுக்கெல்லாம் காலேஜ் ஏது’ என்று கேட்பதற்காக நான் கையில் வைத்திருந்த ஒரே ஆயுதம் அங்கேயே மழுங்கிப் போயிற்று. இட்லியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கடைசியில் அவளுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. செய்தி தெரிந்து முதலில் வந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமா எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். வண்டியை ஸ்டாண்ட் போடும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “ஏம்பா, ஆடறதுக்கு இன்னாத்துக்குப்பா நாலு வருசம்? நம்ம பசங்க சாவு ஊர்வலத்துல ஆடறானுங்க, எவன் காலேஜுக்குப் போனான்?” எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் மகளின் முன்னால் மாமாவோடு சேர்ந்துகொண்டால் ராத்திரி மனைவியின் முன்னால் தனியாக நிற்க வேண்டியிருக்கும். ஆகவே, “காலம் மாறிப்போச்சு மாமா” என்றேன். இந்த வாக்கியத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதனால்தான் அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் குடித்தனம் நடத்துகிறார்கள்.

முதல் லீவுக்கு வந்தவளிடம், “எங்க, ஒண்ணு ஆடிக் காட்டு” என்றேன்.

“இன்னும் ஆட்டத்துக்கே வரலப்பா. நிக்கத்தான் சொல்லிக் குடுத்துக்கினு இருக்காங்க.”

நிற்கவா? எங்கள் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்பதற்கு நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம். அதே காரியத்துக்கு நான் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்!

நின்று காட்டினாள். குதிகால்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்க, பாதங்கள் இரண்டு பக்கமும் விரிந்து, முழங்கால்கள் பாதத்தின் திசையிலேயே மடங்கி, இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் தூக்கு குண்டு விட்டுப் பார்த்த சுவராக நேரே நின்றது. அரைமண்டி என்று பெயர். முழங்கால் பாதத்தை விட்டு முன்பக்கம் சாய்ந்தால் பத்து வருஷத்தில் மூட்டு போய்விடுமாம். கால் விரிவது முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பு மூட்டிலிருந்தாம். பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நின்றால் இடுப்பு வலி இலவசமாம். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே அசையாமல் நின்றாள். சுவர்க் கடிகாரம்தான் நகர்ந்தது. எனக்குப் பார்க்கவே தொடை நடுங்கிற்று.

“இதுல என்ன இருக்குது” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். கூட்டமான பஸ்ஸில் பாதி சீட்டுக்காகப் பக்கத்து ஆளோடு சண்டை பிடிக்கிறவன் மாதிரி நான் இருந்ததாக மனைவி பிறகு தெரிவித்தாள். இறங்கியவன் ஏறவில்லை. ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் மனைவியும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். என் அம்மா திண்ணையிலிருந்து, “புள்ள படிக்கப் போச்சா, இவனைப் படுக்க வைக்கப் போச்சா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்தபடியே நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அவள் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. உள்ளங்கால் தடித்திருந்தது. விரல்கள் ஒன்றையொன்று விட்டு விலகித் தனித்தனியாகத் தரையைப் பிடிக்கக் கற்றிருந்தன. பள்ளிக்கூட ஷூவுக்குள் கிடந்தபோது இந்த விரல்கள் இப்படி இல்லை. காலைத் தரையில் அறைகிறபோது பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும் என்றாள். முன்பாதம் முந்தினாலோ குதிகால் பிந்தினாலோ சத்தம் இரண்டாகக் கேட்குமாம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே, “மூணாவது வரிசை, இடது கால்” என்று சொல்லிவிடுவாராம். அப்படியொரு க்யூ.சி. எங்கள் லைனில் இருந்தால் பையர் திருப்பி அனுப்புகிற பெட்டிகளை வைக்கத் தனிக் குடோன் தேவைப்படாது.

சலங்கையையும் வாங்கிப் பார்த்தேன். வெண்கல மணி, பித்தளை மணி எல்லாம் எனக்கு எதற்கு? நான் பார்த்தது மணிகளைத் தைத்திருந்த தோலை. மோந்து பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன். “நம்ம சரக்குதான்” என்றேன். எந்த ஆதாரமும் கிடையாது. பெருமைக்கு ஆதாரம் எதற்கு? மிருதங்கத்திலும் மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் உண்டு என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். அதைச் செய்கிற குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாராம். அன்று மாலை டீக்கடையில், தோல் இல்லாவிட்டால் பரதநாட்டியமே இல்லை என்று அரைமணி நேரம் பேசினேன். டீக்கடைக்காரர் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பாப்பாவுக்கு ஃபீஸ்ல ஏதாச்சும் குறைப்பாங்களா?” என்றார்.

இரண்டாவது லீவில் அடவு வந்திருந்தது. தட்டடவு, நாட்டடவு, தட்டிமெட்டடவு, குதித்து மெட்டடவு, மண்டி அடவு, தீர்மான அடவு என்று அவள் அடுக்கினாள். நான் தட்டடவிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அதில் என் தொழிலுக்கு ஒரு குத்தல் இருந்தது. எந்த அடவையும் மூன்று காலத்தில் செய்ய வேண்டும்: முதல் காலம், இரண்டாம் காலம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் காலம் அதற்கும் இரட்டிப்பு. தாளம் அதேதான், கால்தான் வேகம் கூட்டுகிறது. அதுவரை எனக்கும் புரிந்தது. டார்கெட் என்பது இதுதானே? முதல் மணி நேரத்தில் இவ்வளவு, அடுத்த மணி நேரத்தில் இரண்டு மடங்கு. ஆனால் அவளுடைய வாத்தியார் கணக்கு வேறு. மூன்றாம் காலத்திலும் முதல் காலத்துக் கை உயரம், முழங்கால் மடிப்பு, பார்வை எதுவும் குறையக்கூடாது. குறைந்தால் மறுபடி முதல் காலம். ஒரு பெண்ணை வாரக்கணக்கில் முதல் காலத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். “அவ அழுவுறாளா?” என்றேன். “இல்லப்பா, இப்ப எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் அடவு சுத்தமா இருக்குது.” எங்கள் லைனில் வேகம் கூடக் கூடத் தையல் ஓரம் ஓடும், ரிஜெக்‌ஷன் ஏறும், நான் கத்துவேன், தையல் இன்னும் ஓடும். முதல் காலத்துக்குப் போ என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

கணக்கு அதோடு விட்டதா? திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. வாயால் சொற்கட்டு சொல்லிக்கொண்டு, கையால் வேறு தாளம் போட்டுக்கொண்டு, காலால் மூன்றாவதாக ஒன்றைத் தட்ட வேண்டும். நட்டுவாங்கம் என்று தனிப்பாடம் இருக்கிறது. அதில் தானே ஆடாமல் அடுத்தவளை ஆட்டிவைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடம் என் மனைவிக்கு எங்கே எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிளஸ் டூ கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய பெண், சாம்பார் கொதிக்கிற நேரத்தை மிஸ்ரத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்ததும், “எடுப்பு தப்பு” என்றாள்.

எங்கள் சூப்பர்வைசர் சாதிக்கு ஸ்டாப்வாட்ச்தான் தாலி. ஒரு ஷூ அப்பரைத் தைக்க எத்தனை விநாடி, தைத்ததைப் பக்கத்தில் வைக்க எத்தனை விநாடி என்று அளந்து எழுதுவோம். அதைப் பார்த்துவிட்டு மகள், “இதுவும் எங்க பாடத்துல இருக்குதுப்பா” என்றாள். ருடால்ஃப் லாபான் என்று ஒரு நடனக்காரர். ஐரோப்பாவில் பெரிய கை. இசையை எழுதுகிறோமே, அசைவை ஏன் எழுதக் கூடாது என்று கேட்டு 1928-இல் அதற்கொரு குறிமுறையை வெளியிட்டவர். நாஜிகளின் கோபத்துக்கு ஆளாகி ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். அங்கே இரண்டாம் உலகப்போர். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ஆலைகளில் பளுவேலைக்குப் பெண்கள் வந்தார்கள். லாரன்ஸ் என்ற மேலாண்மை ஆலோசகரோடு சேர்ந்து இந்த நடனக்காரர் ஆலை ஆலையாக நுழைந்து அந்தப் பெண்கள் வேலை செய்வதைப் பார்த்து எழுதினார். பளுவைக் கை பலத்தால் முக்கித் தூக்காதே, உடம்பை ஆட்டி வீச்சில் தூக்கு என்று சொல்லிக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து 1947-இல் ‘எஃபர்ட்’ என்று புத்தகம் போட்டார்கள். எந்த வேலையிலும் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம், எந்தத் திசை, எவ்வளவு கட்டுப்பாடு என்று நான்கையும் பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. நாங்களும் லைனைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த நான்கில் வேகம் ஒன்றுக்குத்தான் எங்களிடம் கருவி இருக்கிறது.

அவர் அசைவுகளை எட்டு அடிப்படை வகையாகப் பிரித்தாராம்: குத்துவது, அழுத்துவது, வீசி அறுப்பது, முறுக்கிப் பிழிவது, தட்டுவது, சுண்டுவது, மிதப்பது, வழுக்கிப் போவது. மகள் வீட்டில் எல்லோரையும் இதில் நிறுத்தினாள். மாவு அரைக்கிற அவள் அம்மா அழுத்துகிற வகை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிகிற ஆயா, அதாவது என் அம்மா, சுண்டுகிற வகை. “அப்பா?” என்றேன் ஆவலாக. மனைவி முந்திக்கொண்டாள். “ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா மிதப்பாரு. சம்பளக் கணக்கு கேட்டா வழுக்குவாரு.”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் தையல் லைனில் இருந்தவள். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தூக்கி நிற்கும். அவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவன், ஷூவில் அரை மில்லிமீட்டர் பிசகைத் தூரத்திலிருந்தே பிடிக்கிறவன், அதைப் பார்த்தவனில்லை. மகள் பின்னால் வந்து நின்று இரண்டு விரலை வைத்து அந்தத் தோளை இறக்கினாள். அம்மாக்காரி, “விடுடி, எனக்கே தெரியாம எங்கியோ வச்சிருந்தேன்” என்று சிரித்தாள். மறுநாள் கம்பெனியில் நான் ஸ்டாப்வாட்சை மேசைக்குள் வைத்துவிட்டு லைன் முழுவதும் தோள்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மேனேஜர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நடனத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்ற யோசனையைத் தொடங்கி வைத்த கதையும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் 1926-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடனத்தை ஒரு பட்டப்படிப்பாக வைத்தது. அதை உண்டாக்கிய மார்கரெட் ஹெச்டப்ளர் நடனக்காரியே அல்ல. உயிரியல் படித்தவர்; பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். வகுப்பில் ஓர் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, பெண்களைத் தரையில் படுக்கச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவாராம். எந்த மூட்டு எந்தப் பக்கம் போகும் என்பது படுத்திருக்கும்போதுதான் தெரியுமாம். இதைக் கேட்டதிலிருந்து மத்தியானம் சோற்றுக்குப் பிறகு நான் தரையில் படுத்திருப்பதற்கு ஒரு கல்விப் பின்னணி கிடைத்திருக்கிறது.

கைக்கு வருவோம். ‘அபிநய தர்ப்பணம்’ என்ற நூல் ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டு சொல்கிறது. தலைக்கு ஒன்பது அசைவு, கண்ணுக்கு எட்டு, கழுத்துக்கு நான்கு. பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம் என்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து மகள் ஒப்பிப்பாள். பெயர்களை நெட்டுருப் போடுவது மட்டும்தான் பாடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாலுகாவில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பிரசித்தம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். ஒருநாள் ஆயா கேட்டாள்: “ஏம்மே பாப்பா, கத்திரிக்கா பறிக்கிறதுக்கு உங்க படிப்புல கையி உண்டா?” கடகாமுகம் என்று மூன்று விரல் கூட்டிப் பூப்பறிக்கிற கையைக் காட்டினாள் பேத்தி. ஆயா கைகொட்டிச் சிரித்தாள். “அப்பிடிப் புடிச்சா வெரலு பூராவும் முள்ளுதான். காம்புல முள்ளு இருக்குது. காயைக் கீழேர்ந்து ஏந்தணும், அப்பால ஒரு திருகு.” அவள் பறித்துக் காட்டினாள். மகள் பார்த்துவிட்டு மறுபடி செய்தாள். இந்தத் தடவை விரல் நுனிகள் முள்ளுக்குப் பயந்து ஒதுங்கின. கண் விரலுக்கு முன்னால் போய்க் காம்பைத் தேடிற்று. திருகும்போது உதடு லேசாகச் சுளித்தது. கையில் கத்திரிக்காய் இல்லை. ஆனால் ஆயா, “முத்தலு, அதை வுட்டுடு” என்றாள்.

இருபத்தெட்டோ ஐம்பதோ, அந்த எண்ணிக்கையெல்லாம் பரீட்சைத் தாளுக்கு. அவள் சென்னையில் கற்றுக்கொண்டிருப்பது ஆயாவின் கையைப் பார்ப்பதற்கு என்று எனக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை. சொன்னால், ‘அதுக்கு இன்னாத்துக்கு சென்னைக்குப் போவணும், ஆயா இங்கதான கீது’ என்று மாமா வருவார்.

மூன்றாம் ஆண்டில் சுற்றுலா என்று தஞ்சாவூருக்கும் சிதம்பரத்துக்கும் கூட்டிப்போனார்கள். கரணங்கள் என்கிற ஆட்ட அசைவுகள் நூற்றெட்டையும் சிதம்பரம் கோபுரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் எண்பத்தொன்று முடித்திருக்கிறார்கள். மீதிக் கற்கள் செதுக்காமல் நிற்கின்றன. இந்தச் செய்தி என்னை உலுக்கிவிட்டது. நூற்றெட்டு ஆர்டர், எண்பத்தொன்று டெலிவரி! ராஜராஜ சோழன் காலத்திலேயே ஷிப்மென்ட் ஷார்ட்டா? இருபத்தேழு பீஸுக்கு யார் பதில் சொன்னார்கள்? மகளோ பத்மா சுப்ரமணியம் இந்தச் சிற்பங்களை வைத்து ஆராய்ச்சி செய்த கதையைச் சொன்னாள். கல்லில் நிற்பது அசைவின் ஒரு கணம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உடம்பு என்ன செய்தது என்பதை அவர் நாட்டிய சாஸ்திரத்தைப் படித்துத் தேடிச் சேர்த்திருக்கிறார். அதாவது ஃபோட்டோவைப் பார்த்துச் சினிமாவைக் கண்டுபிடிப்பது. அதற்கு டாக்டர் பட்டம் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வரலாற்றுப் பாடத்தைப் பற்றி அவள் பேசும்போது மட்டும் நான் கிண்டலை ஒதுக்கி வைத்துவிடுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ச் சகோதரர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை கச்சேரியை வரிசைப்படுத்திக் கொடுத்தது. சதிர் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தைக் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய பெண்கள். அவர்கள் மேல் சுமத்திய வாழ்க்கையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடியது. ஆட்டத்தையும் சேர்த்து ஒழிக்காதீர்கள் என்று வக்கீல் இ. கிருஷ்ண ஐயர் தானே பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறியது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி 1960-களில் அமெரிக்காவுக்குப் போய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது. எல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: “இந்த ஆட்டத்தைக் காப்பாத்தி வச்சிருந்தவங்க வீட்டுப் பொண்ணுங்க என் கிளாஸ்ல எத்தினி பேருப்பா?” தோலைப் பதம் பண்ணுகிறவன் காலில் ஷூ இருக்கிறதா என்று பார்த்துப் பழகியவன் நான். பதில் சொல்லவில்லை. இதற்குப் பதில் சொல்லச் சட்டம் கொண்டுவந்தவர்களாலும் மேடை போட்டவர்களாலும்கூட ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்கிறதே, அந்த ஃபீஸ் வீண்போகவில்லை.

என் தாத்தா ஒரு கூத்து ஜமாவில் கட்டியங்காரன் வேஷம் கட்டினவர். எங்கள் பக்கத்தில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், பிறகு தீமிதி. போன பங்குனிக்கு மகள் நோட்டும் பேனாவுமாகக் கூத்துத் திடலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தோளிலும் மார்பிலும் தலையிலும் மரக்கட்டை அணிகளைக் கட்டிக்கொண்டு துரியோதனன் சுழன்று சுழன்று வந்தான். இவள் அடிக்குறிப்பு எழுதினாள். விடிந்ததும் வேஷம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் போய், “ஐயா, அவ்வளவு சுத்தியும் எப்பிடித் தலை சுத்தல?” என்றாள். “நீ சுத்து, பாக்கலாம்” என்றார். சுழன்றாள். கரண்ட் கம்பம் அருகில் இருந்ததால் நல்லதாகப் போயிற்று. “உன் படிப்புல உடம்பு நடுவுல ஒரு கம்பி விட்டிருக்காங்கம்மா. எங்களுக்குக் கம்பி வெளியே, தோள் கட்டையில இருக்குது. வெயிட்டு போற பக்கம் நாங்க போறோம்” என்றார் வாத்தியார். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் போய், ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகர்களுக்குக் கூத்தைச் சொல்லிக் கொடுத்ததை அவள் கல்லூரியில் படித்திருந்தாள். படித்தது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்ததாம்.

வேலை? மாமா வாராவாரம் கேட்கிற கேள்வி. பள்ளிகளில் நடன ஆசிரியர், அரசு இசைப்பள்ளிகளில் பரத ஆசிரியர், நட்டுவாங்கம், மேல்படிப்பு என்று நானும் வாராவாரம் அடுக்குகிறேன். ஒருநாள் அலுத்துப்போய் சிலப்பதிகாரத்தை எடுத்து விட்டேன். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு படித்துப் பன்னிரண்டில் அரங்கேறினாள். ஆடல் ஆசான், இசை ஆசான், தண்ணுமை ஆசான், யாழாசிரியன் என்று தனித்தனி ஆள். அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவோடு கட்டியிருக்கிறார்கள். அரசன் கொடுத்தது ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். மாமா நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “ஒரு கழஞ்சு இப்ப எத்தினி கிராமு?” என்றார்.

கடைசி ஆண்டில் அசைவுக் கவனிப்பு என்று ஒரு செயல்திட்டம். யாராவது ஒருவரின் அன்றாட அசைவுகளை ஒரு மாதம் கவனித்து எழுத வேண்டும். வகுப்பில் சிலர் பூக்காரியை எடுத்துக்கொண்டார்கள், சிலர் போக்குவரத்துப் போலீஸை. என் மகள் என்னை எடுத்துக்கொண்டாள். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் இயல்பாக இருக்க மாட்டேனாம். அச்சடித்து அட்டை போட்டு வந்த பிறகுதான் படித்தேன்.

‘கவனிக்கப்பட்டவர்: ஆண், ஐம்பது வயதைக் கடந்தவர், காலணித் தொழில். நிற்கும்போது எடை முழுவதும் வலது காலில் விழுகிறது. இடது கால் பெயருக்கு இருக்கிறது. கழுத்து முன்னோக்கி நீண்டுள்ளது. இது பல ஆண்டுகள் பிறர் வேலையைக் குனிந்து பார்த்ததன் விளைவு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறார். வலது கட்டைவிரல் ஓய்வு நேரத்திலும், தூக்கத்திலும் பொத்தானை அழுத்தும் அசைவைச் செய்கிறது. சமையலறையை நோக்கிய நடை தொடக்கத்தில் விரைவானது. உள்ளே வேலை இருப்பது கண்ணில் பட்டதும் உடம்பைத் திருப்பாமலே பின்னோக்கி நடக்கும் திறன் குறிப்பிடத்தக்கது. இந்தப் பின்நடை எந்தச் சாஸ்திரத்திலும் பதிவாகவில்லை.’

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் வெளித் தேர்வாளர் சிவப்பு மையில் ‘அருமை’ என்று எழுதியிருந்தார். என் மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து என் அக்காவுக்கு அனுப்பினாள். அடியில் தேர்வாளர் இன்னொரு குறிப்பும் எழுதியிருந்தார்: ஒரே ஒருவரை வைத்து முடிவுக்கு வருவது போதாது, அதே குடும்பத்தில் இன்னொரு ஆணையும் கவனித்து ஒப்பிட்டால் ஆய்வு வலுப்பெறும்.

மாமா இப்போதும் வாராவாரம் வருகிறார். ஆனால் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், “பாப்பா காலேஜுக்குத் திரும்பிப் போயிடிச்சாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார். போன வாரம் அவள் இருக்கிறாள் என்றேன். உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்றார். நிற்கவும் அவருக்குத் தோதாக இல்லை. இரண்டு கால்களுக்கும் எடையைச் சரிபாதியாகப் பங்கிட்டுப் பார்த்தார், தள்ளாடினார், தூணைப் பிடிக்கக் கையை நீட்டினார், அதையும் எழுதிவிடுவாளோ என்று கையை இழுத்துக்கொண்டார். காப்பி கொண்டுவந்த மகள் சும்மாதான் நின்றாள். அவள் கையில் நோட்டுகூட இல்லை. “அவசர சோலி” என்று மாமா முகத்தை எங்கள் பக்கமே வைத்துக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல், வாசற்படி வரை பின்னாலேயே நடந்து போனார்.